போக்கிமான் சண்டையில் ஆழம் எங்கே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போக்கிமான் என்பது பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடும் வீடியோ கேம்; அந்தப் பிராணிகளுக்கும் அதே பெயர்தான். அதை ஆடுகிறேன் என்று சொன்னால், "இன்னுமா?" என்பார்கள். அடுத்து சில கேள்விகள் வரும். கேட்பவர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இங்கே பேசுவது 1996இல் ஜப்பானில் வந்த ரெட், கிரீன் முதல் 2022இல் வந்த ஸ்கார்லெட், வயலட் வரையிலான முக்கியத் தொடரைப் பற்றி. அட்டை விளையாட்டையும் போக்கிமான் கோவையும் இதில் சேர்க்கவில்லை.

இது சின்னப் பிள்ளைகள் ஆட்டம்தானே? ஒரே மூவை, அதாவது போக்கிமான் செய்யும் ஒரே வித்தையை, அழுத்திக்கொண்டே இருந்தால் கதை முடிந்துவிடுகிறதே?

முடிந்துவிடும், உண்மைதான். கதை அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எதிரே நிற்கும் கம்ப்யூட்டர் தன் போக்கிமானை மாற்றுவதே அபூர்வம். தோற்கிற மாதிரி இருந்தால் நீங்கள் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கலாம், எத்தனை பாட்டில் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. எதிராளியின் ஒரு போக்கிமான் விழுந்ததும், "அடுத்து இன்னது வரப்போகிறது, உங்களுடையதை மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று விளையாட்டே கேட்கிறது. முன்பெல்லாம் அந்தச் சலுகை வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் நிறுத்தி வைக்கலாம். ஸ்கார்லெட், வயலட்டில் அந்த வசதியையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் அது. போதாததற்கு, சண்டையில் இறங்காத போக்கிமானுக்கும் அனுபவப் புள்ளிகள் கிடைக்கின்றன. பாதிக் கதையிலேயே உங்கள் அணி எதிராளியை விடப் பத்து லெவல் மேலே போய்விடும்.

ஆனால் விதிகள் ஒரு விஷயம், எதிராளி இன்னொரு விஷயம். அதே விதிகளை வைத்துக்கொண்டு, யோசிக்கத் தெரிந்த ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்தால் ஆட்டம் முழுக்க மாறிவிடும். கதையை மட்டும் முடித்துவிட்டு "இதில் ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருப்பதை விளையாட்டு அவர்களுக்குக் காட்டவே இல்லை.

சரி, அந்த ஆழம் எங்கே இருக்கிறது?

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வேறு எதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும்.

சதுரங்கத்தில் அவர் காய் நகர்த்திய பிறகுதான் நீங்கள் நகர்த்துகிறீர்கள். போக்கிமானில் அப்படி இல்லை. இரண்டு முடிவுகளும் பூட்டப்பட்ட பிறகுதான் திரை நகரும். சின்ன வயதில் கையில் புளியங்கொட்டையை மூடி வைத்துக்கொண்டு "ஒத்தையா ரெட்டையா" கேட்போமே, அந்த மூடிய கை இதில் ஒவ்வொரு டர்னிலும் இருக்கிறது. ஆனால் கைக்குள் என்ன இருக்கலாம் என்பதற்குத் தடயங்கள் உண்டு. இது வெறும் ஊகமாக நின்றுவிடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்தது. களத்தில் இருக்கும் போக்கிமானை வாபஸ் வாங்கி வேறொன்றை இறக்க ஒரு டர்ன் செலவாகும். எதிராளியின் அடியை, புதிதாக வருவது வாங்கிக்கொள்ளும். ஆகவே, "எதை வைத்து அடிப்பேன்" என்பதோடு "அவர் எதை இறக்குவார், இறங்குவதை நான் எப்படி அடிப்பேன்" என்பதும் கேள்வியாகிறது.

ஒரு டர்னை எடுத்து விளக்க முடியுமா?

போன கோடை விடுமுறையில் என் அக்கா மகனோடு ஆடியது. அவனுக்குப் பதின்மூன்று வயது. களத்தில் என்னுடையது கியாரடோஸ், அதாவது நீரும் பறத்தலும் சேர்ந்த டைப் (டைப் என்பது போக்கிமானுக்கும் மூவுக்கும் உள்ள வகை; எது எதை வெல்லும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்). மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு அடி. அவன் இறக்கியது வாஷிங் மெஷினுக்குள் புகுந்த ரோட்டம். அதன் டைப் மின்சாரமும் நீரும். மின்சார மூவான தண்டர்போல்ட் போட்டால் கியாரடோஸ் காலி.

என்னிடம் வெளியே காத்திருந்தது கார்சோம்ப். அது டிராகன், நிலம். நில டைப்பின் மேல் மின்சாரம் துளியும் ஏறாது. அப்படியானால் கார்சோம்பை இறக்க வேண்டியதுதானே? இறக்கினேன். அவன் தண்டர்போல்ட் போடவில்லை. வில்-ஓ-விஸ்ப் போட்டான். அது அடிக்கிற மூவ் இல்லை, தீக்காயம் வைக்கிற மூவ். தீக்காயம் பட்டால் கையால் காலால் அடிக்கிற அடிகளின் பலம் பாதியாகிவிடும், ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மொத்த உயிரில் பதினாறில் ஒரு பங்கு கரையும். என் அணியின் முக்கிய அடிதடி ஆள் கார்சோம்ப்தான். களத்தில் கால் வைத்த நொடியிலேயே பாதி ஆளாகிவிட்டது. இதற்கு மேல், ரோட்டம் மிதக்கும் போக்கிமான் என்பதால் கார்சோம்பின் பெரிய நில அடியான எர்த்க்வேக் அதன் மேல் படவே படாது.

"நீங்க மாத்துவீங்கன்னு தெரியும் சித்தி" என்றான். அவனுக்கு என் முடிவு தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் கியாரடோஸை அங்கேயே விட்டுவைக்க எனக்குத் துணிச்சல் வராது என்று தெரிந்திருக்கிறது.

அவன் வில்-ஓ-விஸ்ப் போடுவான் என்று நான் ஊகித்து, ஆர்கனைனை இறக்கியிருந்தால்? நெருப்பு டைப்புக்குத் தீக்காயம் படாது, அவன் டர்ன் வீண். ஆனால் அவன் அதையும் ஊகித்து, நீர் மூவான ஹைட்ரோ பம்ப் போட்டிருந்தால் ஆர்கனைன் நனைந்து விழுந்திருக்கும். கியாரடோஸை மாற்றாமல் நின்றிருந்தால்? வில்-ஓ-விஸ்ப் என்றால் பிழைத்திருப்பேன், தண்டர்போல்ட் என்றால் செத்திருப்பேன். எல்லாக் கதவுக்கும் ஒரு விலை உண்டு. எந்த விலை இன்றைக்குத் தாங்கும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் இப்படி இருபது முப்பது டர்ன்கள் வரலாம்.

டைப் விஷயம் வெறும் கல், காகிதம், கத்தரிக்கோல்தானே?

நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும் என்பதோடு நின்றால் அப்படித்தான். ஆனால் டைப்புகள் 18. ஒரு போக்கிமானுக்கு இரண்டு டைப் வரை இருக்கலாம். இரண்டுக்கும் ஒன்றே பலவீனம் என்றால் நான்கு மடங்கு அடி. ஒன்றின் பலவீனத்தை மற்றொன்று மூடிவிட்டால் சாதாரண அடி. சில டைப்புகள் சிலவற்றின் மேல் அறவே ஏறாது. டிவியில் பிகாச்சு ஆனிக்ஸை மின்சாரத்தால் வீழ்த்தியதைப் பார்த்து வளர்ந்தவர்கள், விளையாட்டில் அதே பிகாச்சுவோடு முதல் ஜிம்முக்கு, அதாவது கதையின் முதல் பெரிய சண்டைக் களத்துக்கு, போய் முழித்திருப்பார்கள். ஆனிக்ஸ் நில டைப், மின்சார மூவின் பலன் பூஜ்ஜியம்.

கல், காகிதம், கத்தரிக்கோலில் எதை நீட்டினாலும் விலை ஒன்றே. இங்கே அப்படி இல்லை. நான்கு மடங்கு அடி வாங்கப்போகும் ஆளை நிறுத்தி வைப்பதும், சாதாரண அடி வாங்கப்போகும் ஆளை நிறுத்தி வைப்பதும் ஒரே அளவு ஆபத்து இல்லை. அதனால்தான் நம் கையைத் திறக்காமலே எதிராளியால் படிக்க முடிகிறது.

கணக்கு எவ்வளவு தூரம் முக்கியம்?

நிறைய. ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

லெவல் 50, ஒற்றைச் சண்டை (களத்தில் பக்கத்துக்கு ஒரு போக்கிமான்). கார்சோம்ப் எர்த்க்வேக்கால் இன்சினரோரை அடிக்கிறது. கார்சோம்புக்கு முழுப் பயிற்சி கொடுத்தால் அதன் தாக்குதல் எண் 182. இன்சினரோருக்கு உயிரில் முழுப் பயிற்சி கொடுத்தால் உயிர் 202, தற்காப்பில் பயிற்சி இல்லாமல் 110. எர்த்க்வேக்கின் பலம் 100. லெவல் 50க்கான எண் 22. நான்கையும் சூத்திரத்தில் போட்டால், அதாவது 22ஐ 100ஆலும் 182ஆலும் பெருக்கி, 110ஆல் வகுத்து, 50ஆல் வகுத்து, 2 கூட்டினால் 74 வரும் (ஒவ்வொரு படியிலும் பின்னத்தை விளையாட்டு வெட்டிவிடும்). தன் டைப்பிலேயே உள்ள மூவ் என்பதால் ஒன்றரை மடங்கு, நெருப்பின் மேல் நிலம் என்பதால் இரண்டு மடங்கு. இதில் 85 முதல் 100 சதவீதம் வரை ஒரு சின்ன ஏற்ற இறக்கமும் உண்டு, மொத்தம் 16 சாத்தியங்கள். கடைசியில் அடி 186இலிருந்து 222 வரை.

இன்சினரோரின் உயிர் 202. ஆக, 16 சாத்தியங்களில் 9இல் அது சாகும், 7இல் பிழைக்கும். கிட்டத்தட்டக் காசு சுண்டிவிடுகிற மாதிரி.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். இன்சினரோருக்கு இன்டிமிடேட் என்று ஒரு திறன் உண்டு. அது களத்தில் இறங்கும்போதே எதிராளியின் தாக்குதலை ஒரு படி குறைத்துவிடும். 182 என்பது 121 ஆகிவிடும். அடி 126இலிருந்து 150. இன்சினரோர் இனி எப்படியும் சாகாது, குறைந்தது 52 உயிர் மிச்சம். ஒரு அடிகூட அடிக்காமல், வெறுமனே வந்து நின்றதற்கே இத்தனை பலன். கார்சோம்பை வாபஸ் வாங்கி மறுபடி இறக்கினால் அந்தக் குறைவு போய்விடும். ஆனால் அதற்கு டர்ன் செலவாகும். அந்த டர்னில் அவர் என்ன செய்வார்? மறுபடி மூடிய கைக்கே வந்துவிட்டோம்.

இன்னும் ஒரு மாற்றம். ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒரு சுபாவம் உண்டு, மொத்தம் 25 சுபாவங்கள். அவற்றில் 20, ஒரு எண்ணைப் பத்து சதவீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைக்கும். மற்ற ஐந்தால் எந்த மாற்றமும் இல்லை. மேலே பார்த்தது ஜாலி சுபாவமுள்ள, வேகம் கூடின கார்சோம்ப். அதற்குப் பதில் அடமன்ட் சுபாவம் எடுத்தால் தாக்குதல் 200 ஆகும். இன்டிமிடேட் இல்லாத பட்சத்தில் மிகக் குறைந்த அடியே 206. இன்சினரோர் கட்டாயம் சாகும், காசு சுண்டத் தேவையே இல்லை. அப்படியானால் எல்லோரும் அடமன்ட் எடுக்கலாமே? வேகத்தைப் பாருங்கள். ஜாலி கார்சோம்பின் வேகம் 169, அடமன்டின் வேகம் 154. முழு வேகத்தில் வளர்த்த சாரிஸார்டின் வேகம் 167. ஜாலி அதை இரண்டு புள்ளியில் முந்தும், அடமன்ட் முந்தாது. சாரிஸார்டின் அடிப்படை வேக எண் 100, கார்சோம்புக்கு 102. படைத்தவர்கள் கொடுத்த அந்த இரண்டு புள்ளியால்தான் ஆட்டக்காரர்கள் இத்தனை வருடமாக கார்சோம்பை விட்டுப் பிரிவதில்லை.

நான்கு மூவ்கள் மட்டும்தானா? இவ்வளவு பெரிய விளையாட்டில் அது குறைவாக இல்லையா?

குறைவுதான். அந்தக் குறைவில்தான் விஷயம். ஒரு போக்கிமான் கற்றுக்கொள்ளக்கூடிய மூவ்கள் பல டஜன் இருக்கும். அவற்றில் நான்கை மட்டும் கொண்டுபோகலாம். அதில் பாதுகாப்புக்கு ஒன்று எடுத்தால் அடிக்க மூன்றே. எல்லாவற்றையும் சமாளிக்கிற போக்கிமான் என்று ஒன்று இருக்கவே முடியாது. எதிராளி மூன்று மூவ்களைக் காட்டிவிட்டால், நான்காவது என்னவாக இருக்கும் என்பது அடுத்த பத்து நிமிடத்துக்கு உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும்.

மூவைத் தேர்ந்தெடுப்பதிலும் தெரிய வேண்டிய கணக்கு உண்டு. சர்ஃப் என்ற நீர் மூவின் பலம் 90, தவறவே தவறாது. ஹைட்ரோ பம்பின் பலம் 110, நூற்றுக்கு 80 தடவைதான் படும். சராசரி பார்த்தால் 88. அப்படியானால் சர்ஃபே மேல் என்று தோன்றும். ஆனால் 90 பலத்தில் பிழைத்துக்கொள்ளும் எதிராளியை 110 பலம் ஒரே அடியில் வீழ்த்துமானால், சராசரிக்கு அங்கே மதிப்பில்லை.

வேகமாக இருப்பவர்தானே எப்போதும் ஜெயிப்பார்?

முதலில் அடிப்பது பெரிய பலம், மறுக்க மாட்டேன். ஆனால் வேகத்தைத் திருப்பிப் போட வழி இருக்கிறது. ட்ரிக் ரூம் என்ற மூவைப் போட்டால் ஐந்து டர்னுக்கு மெதுவாக இருப்பவர் முதலில் ஆடுவார். டார்கோல் என்ற ஆமையின் அடிப்படை வேகம் 20. சாதாரண நேரத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பின்னால்தான் அது ஆடும். ட்ரிக் ரூமில் அது முதல் ஆள். அதன் எரப்ஷன் மூவ், உயிர் முழுசாக இருந்தால் 150 பலம். அது களத்துக்கு வரும்போதே வெயிலையும் கூட்டிக்கொண்டு வரும், வெயிலில் நெருப்பு ஒன்றரை மடங்கு. இரட்டைச் சண்டையில் ஒரே மூச்சில் எதிரே நிற்கும் இரண்டையும் பொசுக்கிவிடும்.

ட்ரிக் ரூம் போடும் மூவோ அந்த டர்னின் கடைசியில்தான் நடக்கும். அதாவது போடுபவர் எல்லா அடியையும் வாங்கிவிட்டு நிற்க வேண்டும். அதைத் தடுக்க ஃபேக் அவுட் என்ற மூவ் உண்டு. வேக எண் என்னவாக இருந்தாலும் முன்னால் பாயும் மூவ் அது. பட்டவர் அந்த டர்னில் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் களத்தில் இறங்கிய முதல் டர்னில் மட்டும்தான் போடலாம். பேய் டைப்பின் மேல் ஏறாது. தடுப்பைத் தடுக்கவும் வழி, அதையும் தடுக்க வழி.

அதிர்ஷ்டம் அதிகமாக இருக்கிறதே, அது ஆழத்தைக் கெடுக்காதா?

சில நேரம் கெடுக்கும். ஐஸ் பீம் பட்டால் நூற்றில் பத்து தடவை எதிராளி உறைந்துபோவார். அப்படி உறைந்து தோற்ற ஆட்டங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அதில் கற்றுக்கொள்ள எதுவும் கிடையாது, வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

ஆனாலும் அதிர்ஷ்டத்தை முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல ஆட்டக்காரர்கள் அதிர்ஷ்டம் தேவைப்படாத பாதையை முதலில் தேடுகிறார்கள். அது இல்லாதபோது, எந்த அதிர்ஷ்டத்தை நம்புவது குறைந்த ஆபத்து என்று பார்க்கிறார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது 80 சதவீத மூவைத் தொடமாட்டார்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போது அதைத்தான் தொடுவார்கள். இந்த நிதானம் வர வருடங்கள் ஆகும்.

ஒற்றைச் சண்டை, இரட்டைச் சண்டை: எது ஆழமானது?

இரண்டும் வெவ்வேறு விளையாட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆறுக்கு ஆறு ஒற்றைச் சண்டை நீண்டது. அங்கே களத்தில் பொறி வைப்பது முக்கியம். ஸ்டெல்த் ராக் போட்டுவிட்டால், இறங்கும் ஒவ்வொரு போக்கிமானுக்கும் கல் குத்தும். சாதாரணமாக எட்டில் ஒரு பங்கு உயிர் போகும். பாறைக்கு நான்கு மடங்கு பலவீனமான சாரிஸார்டுக்குப் பாதி உயிர் போய்விடும். மாற்றுவதற்கு ஒரு டர்ன் விலை என்றேனே, இங்கே அந்த விலைக்கு மேல் ரத்தமும் கொடுக்க வேண்டும்.

அதிகாரபூர்வ உலகப் போட்டிகள் இரட்டைச் சண்டையில் நடக்கின்றன. ஆறு போக்கிமானைக் காட்டி, அதில் நான்கை மட்டும் எடுத்து வர வேண்டும், எல்லாம் லெவல் 50. ஆட்டம் குறுகியது, ஒவ்வொரு டர்னும் கனமானது. யாரை அடிப்பது, யாரைக் காப்பது, இருவரும் ஒரே ஆளை அடிப்பதா பிரிந்து அடிப்பதா என்று சாத்தியங்கள் பல மடங்காகும். ப்ரொடெக்ட் என்ற மூவ் ஒரு டர்னுக்கு எல்லா அடியையும் தடுக்கும். தொடர்ந்து இரண்டாவது தடவை போட்டால் மூன்றில் ஒரு வாய்ப்புதான் பலிக்கும். எதிராளி இருவரும் உங்கள் ஒருவரையே குறிவைப்பார்கள் என்று ஊகித்து அந்த டர்னில் ப்ரொடெக்ட் போட்டு, பக்கத்து ஆள் இலவசமாக அடிப்பது இருக்கிறதே, அந்தத் திருப்தி வேறெங்கும் கிடைக்காது. எனக்கு இரட்டைதான் பிடிக்கும்.

பலமான அபூர்வ போக்கிமான்களை வைத்திருப்பவர்தானே ஜெயிப்பார்?

2014 உலகப் போட்டியைப் பாருங்கள். கொரியாவின் பார்க் செ-ஜுன் பாச்சிரிசுவை வைத்து ஆடிக் கோப்பையை வென்றார். பாச்சிரிசு என்பது ஒரு சின்ன மின்சார அணில். எண்களைப் பார்த்தால் யாரும் அணியில் சேர்க்க மாட்டார்கள். அவர் அதை அடிக்க எடுக்கவில்லை. ஃபாலோ மீ என்ற மூவால் எதிராளியின் அடிகளைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும். அதன் திறன் வோல்ட் அப்சார்ப், அதாவது மின்சாரம் பட்டால் உயிர் கூடும். அவர் அணியின் பெரிய அடிதடி ஆள் கியாரடோஸ், அதற்குப் பெரிய எமன் மின்சாரம். கியாரடோஸை நோக்கி வரும் மின்சாரத்தை அணில் வாங்கி மருந்தாக்கிக்கொள்ளும். சூப்பர் ஃபேங் எதிராளியின் மிச்ச உயிரைப் பாதியாக்கும். அணிலின் தாக்குதல் எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாதி பாதிதான். பலவீனமான எண்களைத் தொடாத வேலைகளையே தேடித்தேடி அதற்குக் கொடுத்திருக்கிறார். போக்கிமானில் ஆழம் எங்கே என்று யாராவது கேட்டால், பேச்சை விட்டுவிட்டு இந்த அணியைக் காட்டலாம்.

முதல் விளையாட்டுகள்தானே சிறந்தவை?

நினைவுகளுக்கு ஆம். சண்டைக்கு இல்லை. முதல் தலைமுறையில் மனோசக்தி டைப்பை யாராலும் அசைக்க முடியவில்லை. பேய் டைப் அதை வெல்லும் என்று கதைக்குள்ளேயே சொல்லிவிட்டு, நிரலில் பலன் பூஜ்ஜியம் என்று வைத்துவிட்டார்கள். பூச்சி டைப் வெல்லும்தான், ஆனால் அன்றைய பூச்சி மூவ்கள் சொத்தை.

1999இல் கோல்ட், சில்வர் இருள், எஃகு என்று இரண்டு டைப்புகளைச் சேர்த்து அதைச் சரிசெய்தது. கையில் பொருள் வைத்திருப்பதும் அப்போது வந்ததுதான். 2002இல் ரூபி, சஃபையர் திறன்களையும் சுபாவங்களையும் இரட்டைச் சண்டையையும் கொண்டுவந்தது. இன்டிமிடேட் பிறந்தது அங்கேதான். என் கணக்கில் மிகப் பெரிய மாற்றம் 2006இல் டயமண்ட், பேர்லில் நடந்தது. அதுவரை நீர் மூவ் எல்லாம் சிறப்புத் தாக்குதல் எண்ணைத்தான் (உடலால் மோதாமல் அடிக்கும் பலத்தை) பார்க்கும், நெருப்பும் அப்படியே. உடல் தாக்குதல் எண் 125 உள்ள கியாரடோஸ், தன் சொந்த நீர் மூவைச் சிறப்புத் தாக்குதல் 60ஐ வைத்து அடித்துக்கொண்டிருந்தது. டயமண்ட், பேர்லில் உடலால் அடிப்பதா சிறப்பாக அடிப்பதா என்பது ஒவ்வொரு மூவுக்கும் தனித்தனியாக ஆனது. வாட்டர்ஃபால் கியாரடோஸின் கைக்கு வந்தது. ஒரே இரவில் பல போக்கிமான்கள் புதிதாகப் பிறந்தன. 2013இல் தேவதை டைப் வந்து டிராகன்களின் ஆட்டத்தை அடக்கியது.

டெராஸ்டல் மாதிரி புதுப்புது வித்தைகள் தேவைதானா?

எல்லாம் தேவையில்லை. போக்கிமானைப் பூதாகாரமாக்கும் டைனமேக்ஸ் ஒற்றைச் சண்டையில் எனக்குப் பிடிக்கவே இல்லை. டெராஸ்டலை மனதார ஏற்றுக்கொண்டேன். ஆட்டத்துக்கு ஒரு முறை, ஒரு போக்கிமானின் டைப்பை மாற்றலாம். கார்சோம்புக்குப் பனி நான்கு மடங்கு. எதிராளி பனியடி அடிக்கும் டர்னில் கார்சோம்ப் எஃகாக மாறினால் நான்கு மடங்கு அடி, சாதாரண அடியில் பாதியாகிவிடும். தவறான டர்னில் மாற்றினால் எஃகின் பலவீனங்களோடு மீதி ஆட்டம் முழுக்க மாட்டிக்கொள்ளும். மூடிய கைக்குள் இன்னொரு மூடிய கை அது.

பெரிய போட்டிகளில் அணி விவரத்தை முன்பே எதிராளிக்குக் காட்டிவிடுகிறார்களாமே? பிறகு என்ன ரகசியம்?

மூவ், பொருள், திறன் எல்லாம் தெரிந்துவிடும், ஆம். ஆனால் இந்த டர்னில் எதை அழுத்தப் போகிறீர்கள் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. அந்தத் தாள் கையில் இருந்தாலும் என் அக்கா மகன் அன்றைக்கு என்னை ஏமாற்றியிருப்பான்.

பிறவி எண், பயிற்சி எண் எல்லாம் பார்க்க வேண்டுமா? பயமாக இருக்கிறது.

பிறவியிலேயே வருகிற எண் ஒன்று, உயிர், தாக்குதல், வேகம் போன்ற ஒவ்வொரு குணத்துக்கும் 0 முதல் 31 வரை. பயிற்சியால் வருகிற எண் இன்னொன்று, ஒரு குணத்துக்கு 252 வரை, மொத்தம் 510. அவ்வளவுதான். முன்பு இதற்காக வாரக்கணக்கில் முட்டை பொரிக்க வைத்துக்கொண்டிருந்தோம். இப்போது மருந்து, பாட்டில் மூடி, புதினா இலை போன்ற விளையாட்டுப் பொருள்கள் என்று எல்லாவற்றுக்கும் கடையிலும் கதையிலும் வழி வந்துவிட்டது. ஒரு மாலையில் ஒரு போக்கிமானைத் தயார் செய்துவிடலாம்.

இதே மாதிரி வேறு விளையாட்டுகள் உண்டா?

சண்டை அமைப்புக்காக மட்டும் என்றால் 2003இல் வந்த ஷின் மெகாமி டென்சே 3: நாக்டர்னை ஆடிப் பாருங்கள். எதிராளியின் பலவீனத்தில் அடித்தால் கூடுதலாக ஆட வாய்ப்பு கிடைக்கும், தவறினால் உங்கள் வாய்ப்புகள் பறிபோகும். அங்கே கம்ப்யூட்டரே உங்களைத் திணறடிக்கும். டெம்டெம் முழுக்க இரட்டைச் சண்டை. மூவ்களுக்கு உடல் தெம்பு செலவாகும், தெம்பை மீறி அடித்தால் தன் உயிரைக் கொடுத்து அடுத்த டர்னில் சும்மா நிற்க வேண்டும். அதிர்ஷ்டத்தால் எரிச்சல்படுபவர்களுக்கு அது ஒத்துவரும்.

எங்கிருந்து தொடங்குவது?

கதையையே கடினமாக்கிக்கொள்ள விரும்பினால் நஸ்லாக் விதியில் ஆடுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டும் பிடிக்கலாம், விழுந்த போக்கிமான் செத்ததாகக் கணக்கு. அப்போதுதான் போக்கிமானை மாற்றுவதின் அருமை தெரியும்.

மனிதர்களோடு ஆட, போக்கிமான் ஷோடவுன் என்ற சிமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடும், காசு வேண்டாம். அங்கே ரேண்டம் பேட்டில் என்று ஒன்று உண்டு. அணியை அதுவே கலந்து கொடுக்கும், வளர்க்கிற வேலை இல்லை. முதல் இருபது ஆட்டம் தோற்பீர்கள், தோற்றுப் போங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ரீப்ளேயைத் திறந்து, உங்களுடைய ஒரு போக்கிமான் விழுந்த டர்னில் நிறுத்துங்கள். அந்த டர்னில் எதிராளி உங்களிடமிருந்து என்ன எதிர்பார்த்தார் என்று மட்டும் கண்டுபிடியுங்கள். உங்கள் மூவ் சரியா தப்பா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.